இளஞ்சிவப்பு மாத்திரை

எனக்குச் சத்தம் ஆகாது, சார். பக்கத்து வீட்டில் ஆணி அடித்தால்கூடத் தலைவலி வந்துவிடும்.

அப்படிப்பட்டவனை, ஓய்வுபெற்ற ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் விடிந்ததிலிருந்தே வரிசை. வியர்வை, தைலம், நிரம்பி வழியும் மூத்திரப் பை, எல்லாம் கலந்து ஒரு வாடை வரும். அதைச் சுவாசித்துக்கொண்டுதான் மதியச் சோறு சாப்பிடுவேன். இந்தப் பக்கம் காலி அலமாரி. 'நாட்டைக் காத்தவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் இலவச மருத்துவம்' என்று சுவரில் எழுதியிருக்கும். அந்தச் சுவரோரம்தான் எலி குட்டி போட்டிருந்தது.

மருந்து வராது. கேட்டால், ஒப்பந்தம் முடியவில்லை என்பார்கள் மேலிடத்தில். சத்து மாத்திரை மட்டும் மூட்டை மூட்டையாக வரும். அங்கே யாரோ ஒருவருடைய மைத்துனர் தயாரிப்பு என்று பேச்சு. திட்டு வாங்குவது மட்டும் நான்.

மீசைக்காரர் என்று ஒருவர். இதய வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை போட்டாக வேண்டும். இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து.

"இல்ல இல்லன்னு சொல்ல ஒரு ஆளா? ஒரு கிளியப் பழக்கி உக்கார வெச்சா போதாதா?" என்றார் ஒருநாள். வரிசையே சிரித்தது.

"சும்மா இருங்க. தம்பி என்ன, மாத்திரைய மடியில கட்டியா வெச்சிருக்கு?" என்று அவர் மனைவிதான் அடக்கினார். பிறகு என் பக்கம் குனிந்து, "எப்படியாச்சும் பாத்துக் குடுப்பா. கையிருப்பு நாளையோட தீருது" என்றார்.

மறுநாள் பார்த்துக் கொடுத்தேன்.

எங்கள் ஜன்னலில் அட்டையோடு கொடுப்பதில்லை. பிரித்து, சின்னக் காகித உறையில் போட்டு, காலை, இரவு என்று எழுதிக் கொடுப்போம். சத்து மாத்திரையும் அவருடைய மாத்திரையும் இளஞ்சிவப்பு. அளவில் கொஞ்சம் வித்தியாசம்.

"பெருசா இருக்கே?" என்றார்.

"கம்பெனி மாறியிருக்குங்க."

மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறும் இடம் அது. தலையாட்டினார். பட்டாளத்துக்காரர்களிடம் இது ஒரு நல்ல பழக்கம். வாய் கிழியச் சண்டை போடுவார்கள்; கையில் கொடுத்துவிட்டால் கேள்வி கேட்காமல் விழுங்குவார்கள்.

அதன்பிறகு எல்லோருக்கும் அப்படியே செய்தேன். ரத்த அழுத்தக்காரருக்கு, சர்க்கரைக்காரருக்கு, வலிப்புக்காரருக்கு. நிறம் ஒத்துவராவிட்டால் கம்பெனி மாறிவிடும். ரத்தம் சோதிக்கும் மருந்தும் ஆய்வகத்தில் தீர்ந்திருந்ததால் யாருக்கும் தொந்தரவு இல்லை. வரிசை அமைதியானது. மீசைக்காரர்கூட, "கிளி இப்ப நல்லாப் பேசுதுடா" என்று தட்டிக்கொடுத்தார்.

ஜன்னல் மேசைக்கு அடியில் நீங்கள் கண்டெடுத்த பெட்டிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அசல் மருந்துதான். நடுவில் ஒருநாள் வந்து இறங்கியது. பிரித்திருக்கலாம். ஆனால் திடீரென்று பழைய மாத்திரையைக் கொடுத்தால், அப்படியென்றால் இத்தனை நாள் கொடுத்தது என்ன என்று ஒருவராவது கேட்பார். பிறகு அத்தனை பேரும் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, மேசைக்கு அடியில் தள்ளி வைத்தேன்.

பெட்டி வந்த பிறகும் மீசைக்காரர் இரண்டு முறை வந்து உறை வாங்கிப் போனார்.

முகம் கழுவப் போனவர் அப்படியே விழுந்தாராம். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். காரியமெல்லாம் முடிந்து அவர் மனைவி ஜன்னலுக்கு வந்தார். கையில் பாதி தீர்ந்த உறை.

"மிச்சம் இருக்குப்பா. வேற யாருக்காச்சும் ஆகும். நீ அவ்வளவு கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்தது, வீணாகக் கூடாது."

வாங்கிக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்தபடி நகர்ந்ததும் அடுத்து நின்றவர் சீட்டை நீட்டினார். அவருக்கும் வால்வு மாற்றியதுதான். உறையின் மேல் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதினேன். அசல் பெட்டி என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது. உறையைக் கொடுத்தேன். விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

சொல்லுங்கள் சார், மேலிடத்தில் ஒருவராவது அந்த மனிதரை இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பியிருப்பார்களா?