பூஞ்சைக்குத் தீனி

இந்தத் தண்ணீரை நான் குடிக்காததற்குக் கோபம் காரணமில்லை, இன்ஸ்பெக்டர் மேடம். தம்ளர் விளிம்பில் யாருடைய உதடோ பட்ட கறை இருக்கிறது. நான் கொஞ்சம் சுத்தக்காரி, அவ்வளவுதான்.

என் கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். தங்கமான மனிதர், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் காய்ந்த மாவும் சட்டையில் புளித்த வாடையும் கூடவே வரும். சர்க்கரை நோய் வேறு, இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி. ஒருநாள் என் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டார். நாக்கு முழுக்க, திரிந்த பால் அப்பியது போல வெள்ளை. தொடையிடுக்கில் அரிப்பு என்று சொறிவார், அதே கையால் என் கன்னத்தைத் தடவுவார். சீ, இப்போது சொல்லும்போதும் குமட்டுகிறது.

டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து, சாதாரணப் பூஞ்சைதான், சரியாகிவிடும் என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. சத்து மாத்திரை விற்கும் கடைக்காரம்மாதான் விவரமாகச் சொன்னாள்.

"நாக்குல தெரியறது நுனிதான்க்கா. குடல் பூரா வேர் விட்டிருக்கும். எந்திரிச்சதும் தண்ணில துப்பச் சொல்லுங்க. எச்சில் நூல் நூலா இறங்கினா அதுதான்."

துப்பச் சொன்னேன். இறங்கியது. நானும் துப்பிப் பார்த்திருக்கலாம், எனக்கு அதற்கு அவசியம் இல்லை.

மாவும் இனிப்பும்தான் அதற்குத் தீனியாம். ரொட்டி, சோறு, பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவித்த கீரை, முட்டை, பூண்டெண்ணெய் மாத்திரை, வேளைக்கொரு கரண்டி தேங்காயெண்ணெய். வேலைக்குப் போனால் திருட்டுத்தனமாகத் தின்பார் என்று லீவும் போட வைத்தேன். இன்சுலினை மட்டும் இம்மியும் குறைக்கவில்லை. டாக்டர் சொன்ன அளவை நாமாக மாற்றலாமா?

"சாப்பாட்டைக் குறைச்சா ஊசியையும் குறைக்கணும்டி. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

"ஊசியையும் விட்டுட்டா ராஜா மாதிரி இருக்கலாம்னு பாக்குறீங்களா?" என்றேன்.

சிரித்துவிட்டார். "பேக்கரிக்காரனுக்கு ஒரு பன்னுக்கு வழியில்ல. ஊரே சிரிக்கும் போ."

அதன் பிறகு கை நடுங்க ஆரம்பித்தது, சட்டை நனைய வியர்த்தது. கடைக்காரம்மா முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்: பூஞ்சை சாகும்போது விஷத்தைக் கக்கும், உடம்பு படுத்தும், பயந்துபோய் இனிப்புக் கொடுத்தால் பாம்புக்குப் பால் வார்த்த கதைதான். ஆகவே அவர் வாட வாட எனக்குத் தெம்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு இருட்டுதும்மா. ஒரு வாய் சர்க்கரை போடு."

டப்பா என் கையில்தான் இருந்தது. "கேக்கறது நீங்க இல்ல, உள்ள இருக்கறது," என்று சொல்லி அதை மேல் தட்டில் வைத்தேன். எட்டிப் பிடிக்கப் பார்த்துச் சரிந்தார். பேச்சு குழறியது, கடைவாயிலிருந்து எச்சில் தரையில் ஒழுகியது. பினாயில் ஊற்றித் துடைத்தேன். கை கால் வெட்டி இழுத்தது, பிறகு அடங்கியது. அந்த இடத்தை மறுபடியும் துடைத்தேன்.

நல்லது என்று நினைத்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். பொய்யும் ஒருவகை அழுக்குதான், மேடம். முந்தின வாரமும் இதே மாதிரி விழுந்தார். அன்று பயந்துபோய் ஒரு கரண்டி சர்க்கரையை வாயில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்தார். "என் உசுரு உன் கையிலதான்டி இருக்கு," என்று என்னை இழுத்து வாயோடு வாய் வைத்து முத்தம் கொடுத்தார். அந்த நாக்கு என் பல்லில் பட்டது.

ஞாயிற்றுக்கிழமையும் சர்க்கரை போட்டிருந்தால் எழுந்திருப்பார். எழுந்ததும் முத்தம் கொடுத்திருப்பார்.