குனிந்த தலை

அடக்கமான மருமகள் வாய்த்திருக்கிறாள், யாரையும் கண் நிமிர்த்திப் பார்ப்பதில்லை என்றுதான் அந்தக் குடும்பம் இரண்டு ஆண்டுகளாக நம்பியிருந்தது. விழுப்புரத்திலிருந்து புறப்பட்ட சென்னைப் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த மாமியாரே இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் பெண்ணைப் பெற்றவள். நடுவில் கண்களை மூடிச் சாய்ந்திருந்த அந்த மருமகள்.

“குனிஞ்ச தல நிமிராத பொண்ணுன்னு தெருவெல்லாம் பெருமை பேசிக்கினு திரிஞ்சேன், சம்மந்தி. கண்ணு டாக்டரு ‘மேல பாரும்மா’ன்னாரு. முழி மேல போவவே இல்ல.”

“நான் மட்டும் என்னவாம்? என் வளர்ப்புன்னு பூரிச்சிப்போயி கேட்டுக்கினு இருந்தவதான?”

“மூளைக்கு நட்டநடுவுல கட்டியாம், அதான் முழிய மேல போவ விடலயாம். யாருக்கோ அபூர்வமாத்தான் வருமாம். நாளைக்குப் பின்மண்டையத் தொறந்து, அவ்ளோ ஆழம் போயி எடுக்கணுமாம். உசுருக்கு உறுதி சொல்ல மாட்டேங்கறாரு.”

உறங்குவதாக அவர்கள் எண்ணியிருந்த மருமகள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“ஆபரேஷன் முடிஞ்சி நிமிந்து பாத்தா, திமிருன்னு சொல்லுவீங்களா அத்த?”

மாமியார் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“மொறைச்சிக்கூட பாரும்மா. மொதல்ல பொழச்சி வா.”

பேருந்து திண்டிவனத்துக்குள் நுழைந்தபோது பெற்றவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஆஸ்பத்திரில கூட ஒருத்தருதான் இருக்கலாமாம். உங்க ஊரு வந்திடுச்சி, எறங்கிக்கோங்க. நான் பாத்துக்கறேன்.”

நானும் அங்கேதான் இறங்கினேன். பேருந்து கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த இருக்கையில் மூவரும் இருந்தார்கள்.