பதினாலு பர்சென்ட்

— அப்பா, எழுந்து நிக்காதீங்க. கட்டில்ல உக்காந்து ஜன்னல் வழியாவே பேசுங்க. எனக்குக் கேக்குது.

— ரோட்டுல மரம் அறுக்குற மிஷின் இந்தப் போடு போடுது, உனக்கு எங்கேருந்து கேக்கும்? வண்டியில எவ்வளவு இருக்குன்னு கேட்டேன்.

— பதினாலு பர்சென்ட்.

— காலையில பதினெட்டுன்ன.

— உங்க ஆக்சிஜன் மிஷின் மூணு நாளா இந்த எலெக்ட்ரிக் காரோட பேட்டரியிலதானப்பா ஓடுது. புயலடிச்ச அன்னைக்கு எண்பது இருந்துச்சு. குறையத்தான செய்யும்?

— கணக்குப் போட்டியா?

— போட்டுட்டேன். நாளைக்கு விடியுற வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள லைன் குடுத்துடுவாங்க.

— யாரு குடுப்பா? திருத்துறைப்பூண்டியிலேருந்து நம்ம ஊரு வரைக்கும் கம்பம் பூரா வயல்ல படுத்துக் கெடக்கு. முப்பத்தோரு வருஷம் அணு மின்நிலையத்துல ஷிப்டு பாத்தவன் சொல்றேன், பத்து நாள் ஆவும்.

— பயமுறுத்தாதீங்க.

— பயமுறுத்தல மதி. மேல பாரு, வெயில் சுள்ளுன்னு அடிக்குது. மாடி பூரா நீ பதிச்ச சோலார் தகடு. அந்தப் புயலுக்கு ஒண்ணு கூட பறக்கல. ஆனா கீழ ஒரு பல்பு எரியல. இத நெனைச்சா எனக்குச் சிரிப்புதான் வருது.

— அதான் அன்னைக்கே சொன்னேனே. வெளி லைன்ல கரண்டு நின்னா நம்ம இன்வர்ட்டரும் தானா நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை பாக்குறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. தனியா பேட்டரி வச்சிருந்தா இப்ப ஓடும். நீங்கதான் வேணாம்னீங்க.

— வேணாம்னுதான் சொன்னேன். வெயில நம்பி வீடு நடத்த முடியுமா? எங்க ஸ்டேஷன்ல வெயிலு மழைன்னு ஒண்ணும் கிடையாது. ஒருதடவை ஓட்டிவிட்டா முந்நூறு நாள் நிக்காம ஓடும்.

— அந்த முந்நூறு நாள் கரண்டும் இதே கம்பத்துல ஏறித்தான வருது? கம்பம்தான் சம்பாப் பயிரோட தண்ணியில கெடக்கே. உங்க ஸ்டேஷன் இந்நேரமும் ஓடிக்கிட்டுதான் இருக்கும், நமக்கு என்ன வந்துது?

— ஜெர்மனிக்காரன் கடைசி மூணு அணு ஸ்டேஷனையும் மூடினான்னு பேப்பர எடுத்துட்டு வந்து காட்டினியே, அன்னைக்கும் இப்படித்தான் வாயாடின.

— இப்ப உங்க மூக்குல ஏறுற காத்து எங்கேருந்து வருதுன்னு சொல்லட்டுமா? புயலுக்கு மூணு நாள் முந்தி, நல்ல வெயில்ல, மாடித் தகட்டுலேருந்து இந்த வண்டிக்கு ஏத்தின கரண்டுலேருந்துதான்.

— சரி, ஒத்துக்கறேன். வாசல் கேட்டுப் பக்கம் யாரோ நிக்கிறாங்க பாரு.

— தங்கையாண்ணன். ஏண்ணே அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க.

— இல்ல மதிப் பாப்பா, இங்கயே இருக்கேன். சார் எப்படி இருக்காங்க?

— இருக்காங்க. நீங்க ஏன் ஒருமாதிரி இருக்கீங்க?

— எம் பொண்ணு சுடர்விழிக்கு விடியக்காலம் வலி கண்டுடுச்சு.

— இன்னும் பதினஞ்சு நாள் இருக்குன்னீங்களே?

— இருந்துச்சு. நர்சம்மா வந்து தொட்டுப் பாத்தாங்க. புள்ள குறுக்க கெடக்காம். இங்க ஒண்ணும் ஆவாது, ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கணும், உடனே திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கன்னுட்டாங்க. நூத்தியெட்டக் கூப்புடலாம்னா எவன் போன்லயும் சிக்னல் இல்ல. டிராக்டர் இருக்கு, டீசல் இல்ல. பங்க்கு கூரை சாஞ்சு மூடிக் கெடக்கு.

— ரோடே மறிச்சுக் கெடக்கேண்ணே.

— அந்தத் தூங்குமூஞ்சி மரம் ஒண்ணுதான் பாக்கி. அத அறுத்துப் பெரட்ட முக்கா மணி நேரம் ஆவுமாம். அப்பறம் ரோடு விட்டுடும். ஊருல ஓடுற வண்டின்னு பாத்தா...

— அண்ணே...

— அந்த ஒயரு ஜன்னலுக்குள்ள எங்க போவுதுன்னு எனக்குத் தெரியும் பாப்பா. தெரிஞ்சுதான் இவ்வளவு நேரம் வராம இருந்தேன். 

— நான் என்னண்ணே சொல்றது?

— நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கேக்கவும் இல்ல. வந்து சொல்லிட்டேன், அவ்வளவுதான். தலப்பிள்ளக்காரி துடிக்கிறா, வீட்டுல நிக்க முடியல எனக்கு.

— தங்கையா.

— சார்.

— போயி புள்ளகிட்ட இரு. முக்கா மணி நேரம் இருக்குல்ல?

— இருக்கு சார்.

— போ. துணிமணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லு.

— அப்பா, எதுக்கு அவருக்கு ஆசை காட்டி அனுப்புறீங்க?

— பூண்டி இங்கேருந்து எவ்வளவு தூரம்?

— பத்தொம்போது கிலோமீட்டர். இருக்குற கரண்டுல போயிடலாம், திரும்பி வர முடியாது. அங்க ஆஸ்பத்திரியில மட்டும்தான் ஜெனரேட்டர் ஓடுதாம், டவுன் பூரா இருட்டாம். வண்டி அங்கயே நின்னுடும். நீங்க இங்க மிஷின் இல்லாம கெடப்பீங்க.

— நானும் கூட வந்துட்டா? ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் இருக்கும்ல?

— அங்க இருக்கும்ப்பா. அங்க போயிச் சேர்ற வரைக்கும்? வண்டி நிக்கும்போதுதான் வெளிய கரண்டு குடுக்கும், ஓடும்போது குடுக்காது. ரோடு இருக்குற லட்சணத்துல ஒரு மணி நேரம் ஆவும். புயலன்னைக்கு மிஷின் நின்ன பத்தாவது நிமிஷம் உங்க உதடு நீலமாயிடுச்சு. அப்பறம்தான் ஒயர இழுத்து மாட்டினேன்.

— அன்னைக்கு நான் தகடு பறந்துச்சான்னு பாக்க மாடிப்படி ஏறினேன். உக்காந்தா இருந்தேன்?

— உக்காந்திருந்தா மட்டும் ஒரு மணி நேரம் தாங்குவீங்கன்னு யாரு சொன்னா? நீங்க வரவும் கூடாது, நான் போகவும் முடியாது. இதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.

— கேக்கல. இங்க நின்னு அந்த நம்பரையே பாத்துக்கிட்டிருக்காத. ரோட்டுல எவ்வளவு அறுத்திருக்கான்னு ஒரு நடை பாத்துட்டு வா.

— எதுக்கு?

— போயிட்டு வாம்மா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்.

— அப்பா, வந்துட்டேன். அடிமரத்துக்கு வந்துட்டாங்க. இன்னும் பத்து நிமிஷம்தானாம். சுடர்விழி கத்துறது ரோடு வரைக்கும் கேக்குது.

— உள்ள போயிப் பாத்தியா?

— வாசலோட நின்னுட்டேன். எந்த முகத்த வச்சுக்கிட்டு உள்ள போறது? தங்கையாண்ணன் பொண்டாட்டி என்னையப் பாத்துச்சு. ஒரு வார்த்தை திட்டல. வெயில்ல வந்திருக்கியே, தண்ணி வேணுமாம்மான்னு கேட்டுச்சு. திட்டியிருந்தா தேவலையா இருந்திருக்கும்.

— இப்படி ஜன்னலோரமா நிழல்ல நில்லு.

— வண்டியிலயே சாஞ்சுக்கறேன். மூணு நாளா இதுக்குள்ளதான கெடக்கேன். நாலு கதவு இருக்கு, எதைத் தொறந்தாலும் வெளிய போயிடலாம். ஆனா போக வழியில்ல. ஒரு ஒயருல ரெண்டு வீட்டையும் கட்டிப்போட்ட மாதிரி இருக்குப்பா.

— மதி, ஒண்ணு கேக்கணும். ஸ்டேஷன்ல வேலைக்குன்னு அப்ளிகேஷன் வாங்கிக் குடுத்தேனே. ஏன் கிழிச்ச?

— இப்ப எதுக்கு அது?

— சொல்லு.

— நீங்க என்னைக்காவது ஒரு பொங்கலுக்கு முழுசா வீட்டுல இருந்திருக்கீங்களா? அம்மா பொங்கி வச்சுட்டு உக்காந்திருக்கும், நீங்க ஷிப்டுன்னு போயிடுவீங்க. நிக்காம ஓடினது உங்க ஸ்டேஷன் மட்டும் இல்ல, நீங்களும்தான். வெயில் எறங்கினா நின்னுடுற வேலையா இருந்தா நல்லாருக்கும்னு தோணிச்சு. அதான் கிழிச்சேன்.

— இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.

— யாருகிட்ட சொல்றது? நாலு வருஷம் நீங்க எங்கிட்ட பேசவே இல்லியே. அம்மா காரியத்தன்னைக்குத்தான் வாயத் தொறந்தீங்க.

— தப்பு... என்னோடதுதான். நான் வளத்த புள்ள... என் வேலையையே வேணாம்னுட்டாளேன்னு ஒரு ரோஷம். ரோஷத்துக்கு நாலு வருஷம்... ரொம்ப ஜாஸ்தி.

— மூச்சு வாங்குது உங்களுக்கு. போதும், பேசாதீங்க.

— பேசுறேன். பேசிக்கிட்டே இருக்கணும்... நீயும் பேசு.

— என்னமோ மாதிரி இருக்கீங்க. இருங்க, எவ்வளவு ஓடியிருக்குன்னு பாக்கறேன். இப்பவும் பதினாலுதான் இருக்கு. இது என்ன... அப்பா, ஸ்க்ரீன்ல வெளிய போற கரண்டு பூஜ்யம்னு காட்டுது. முந்நூறு வாட்டுக்கு மேல போகணுமே. ஒயரு கழண்டுடுச்சா? மிஷின் ஓடுதா இல்லியா?

— ஓடல.

— எப்பலேருந்து?

— பதறாத, நில்லு. நீ ரோட்டுக்குக் கெளம்பினதும் நான்தான் நிறுத்தினேன். நாப்பது நிமிஷம் ஆச்சு. ஆக்சிஜன் அளவு பாக்குற கிளிப்ப விரல்ல மாட்டி அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் பாத்து எழுதி வச்சிருக்கேன், உங்கிட்ட இவ்வளவு பேசியும் எண்பத்தஞ்சுக்குக் கீழ எறங்கல. ஒயரச் சுருட்டு மதி. சுடர்விழியப் பின்னாடி படுக்க வை, நான் முன் சீட்டுல உக்காந்துக்கறேன்.