எர்த் போட்டாச்சு

நாணயத்தைச் சுருக்கினால் எடை குறைவதில்லை. எங்கள் அறிவியல் கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதை நம்ப மாட்டார்கள். தராசில் வைத்துக் காட்டுவோம். அகலம் குறையும், தடிமன் கூடும், அவ்வளவுதான்.

வேலை எளிது. நாணயத்தைச் சுற்றிச் செம்புக் கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி, இரும்புப் பெட்டிக்குள் வைத்து, மூடியில் நான்கு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கெப்பாசிட்டர் அடுக்கு. அதில் இரண்டு நிமிடம் மின்சாரத்தைச் சேர்த்து, பொத்தானை அமுக்கினால், எல்லாம் ஒரே நேரத்தில் கம்பிக்குள் பாயும். காந்தப் புலம் நாணயத்தை எல்லாப் பக்கமும் நெரிக்கும். கம்பி துண்டு துண்டாக வெடிக்கும். பெட்டி அதற்காகத்தான்.

பிறகு நான் எர்த் தடியைக் கெப்பாசிட்டர் முனைகளில் மாட்டி, மிச்ச மின்சாரத்தைத் தரைக்கு இறக்கிவிட்டு, "எர்த் போட்டாச்சு" என்பேன். அதைக் கேட்காமல் யாரும் எதையும் தொடக் கூடாது. எங்கள் மூவருக்குள் இருந்த ஒரே சட்டம் அது.

மூவர் என்றால் நான், என் மனைவி, அவள் தம்பி. பொத்தான் என்னிடம். பெட்டி அவனிடம். அவள் பெட்டியருகே மைக்குடன் நின்று, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் கூட்டத்துக்கு விளக்குவாள்.

"எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் சுருக்கி வெச்சிருக்கேன்" என்பாள்.

"ஆளுதான் சுருங்கினாரு, எடை குறையலயேக்கா" என்பான் அவன்.

கூட்டம் சிரிக்கும். ஒவ்வொரு காட்சியிலும் அதே இடத்தில் சிரிக்கும்.

போன வருடம் ஒரு மதியக் காட்சியில் மூடி பறந்து வந்தது. அவள் அங்கேயே இறந்துவிட்டாள். எனக்கு நன்றாக நினைவிருப்பது நாணயம்தான். நாங்கள் செய்ததிலேயே மிக ஒழுங்காகச் சுருங்கியது அது. என் சட்டைப் பையிலிருந்து நீங்கள் எடுத்து வைத்திருப்பது அதைத்தான்.

விசாரணையில் என் மைத்துனன் எழுந்து, "ரெண்டு போல்ட்தான் போட்டேன். தப்பு என்னுது" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆறு மாதம் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். புதுப் பெட்டி வந்தது. அவனும் வந்தான்.

வந்த நாளிலிருந்து எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கொண்டுவந்தான்.

"சாப்பிடுங்க மாமா. இப்படியே போனா நெஜமாவே எடை குறைஞ்சிரும்."

"வெச்சிட்டுப் போ."

சாப்பிடுவேன். உப்பு இருக்கிறதா என்று தெரியாது. அவளைக் கொன்ற கை மூடிய டப்பா என்று மட்டும் தோன்றும். கோபமெல்லாம் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் ஒரு பொருள் இருந்தால் எடுத்து அப்புறப்படுத்துவோமே, அப்படி.

செவ்வாய்க்கிழமை காலை, கூடம் திறப்பதற்கு முன் ஒத்திகை பார்த்தோம். மின்சாரம் முழுதாக ஏறியது. நான் பொத்தானை அமுக்கவில்லை.

"வெடிக்கல" என்றேன்.

"என்ன மாமா, காலங்காத்தாலயே மக்கர் பண்ணுது?"

"கெப்பாசிட்டர் முனையில நட்டு லூசா இருக்கும். முடுக்கிடு."

"எர்த்?"

"எர்த் போட்டாச்சு."

தடி சுவரில் அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பியிருந்தால் பார்த்திருப்பான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேராகப் போனான். பெரிய சத்தம் இல்லை. நாணயத்துக்கே இதைவிட அதிகம் வரும்.

பிறகு தடியை எடுத்து மாட்டினேன். பழக்க தோஷத்தில் இன்னொரு முறை சொன்னேன். உங்களுக்குப் போன் செய்தேன். டப்பா இன்னும் சூடாக இருந்தது. நீங்கள் வரும்வரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். தெரிந்துதான் செய்தேன்.

அனுபவமுள்ளவன் ஏன் தடியைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டீர்கள். என் பேச்சை அவன் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. போன வருடம் அந்த மதியமும் மூன்றாவது போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தான். கூட்டம் வெகுநேரமாகக் காத்திருந்தது. "ரெண்டு போதும், விடு" என்றேன். விட்டுவிட்டான்.

ஆனால் போல்ட் போடுவது அவன் பொறுப்பு.