தேற்றம் எழுதின நாள்

— சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க கணக்கு சார். இப்பதான் பத்தாவது ரூமை எட்டிப் பாத்துட்டு வர்றேன். போர்டு நிறையத் தேற்றம், படத்தோட. என் கண்ணையே நம்ப முடியல.

— எழுதினேன் மேடம்.

— போன மாசம் முழுக்க ஒரு கோடு கிடையாது. "உங்க கணக்கு சார் வாயாலேயே வட்டம் போடறார்"னு பெத்தவங்க என்கிட்ட வந்து குத்திக் காட்டறாங்க. பரீட்சை தலைக்கு மேல நிக்குது. ஹெட்மிஸ்ட்ரஸ்னு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பதில் சொல்றது?

— என்னைப் பத்தாவதுலேருந்து மாத்திடுங்கன்னு கேட்டேனே.

— யாரைப் போடறது? லீவுன்னு போனவங்க போனவங்கதான். சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, பயந்தா எல்லாரும்தான் பயப்படணும்.

— பயம் இல்ல மேடம். அதெல்லாம் மரத்துப் போச்சு. அந்த ரூம்ல ஜன்னல் பின்பக்கம், ரோட்டைப் பாத்து இருக்கு. நான் பிள்ளைங்களைப் பாத்து நின்னா ஜன்னல் தெரியும். எழுதறதுக்குத் திரும்பறேன்னு வச்சுக்குவோம். ஜன்னலை யார் பாக்கறது?

— அடைச்சிடச் சொல்லட்டுமா?

— அடைச்சா வெளிச்சம் இருக்காது. வர்றவனும் தெரியமாட்டான்.

— கேட்டுல போலீஸ் நிக்குதே.

— நிக்கறார். டீ குடிக்கப் போற நேரம் போக.

— நல்லா சொன்னீங்க.

— அன்னைக்கு அதே ரூம்ல கெமிஸ்ட்ரி மேடம் ஒரு சமன்பாடு எழுதிட்டிருந்தாங்க. அம்புக்குறி போட்டுட்டுத் திரும்பறாங்க, துப்பாக்கியோட ஆளுங்க உள்ள நிக்கறாங்க. ரெண்டு பொண்ணுங்களை இழுத்துட்டுப் போனாங்க. இவ்வளவுதான் நேரம்.

— ஒருத்தி திரும்பி வந்துட்டா சார்.

— வந்துட்டா. கடைசி பெஞ்சுல உக்கார்றா. பேரைக் கூப்பிட்டா ஜன்னலைப் பாக்கறா. அதனாலதான் வாயால நடத்தினேன். "முக்கோணம்னு வச்சுக்குங்க, உச்சியிலேருந்து ஒரு கோடுன்னு வச்சுக்குங்க." பாதிப் பேருக்கு விளங்கல. தெரியும். உயிரோட ஃபெயில் ஆகட்டும்னு விட்டுட்டேன்.

— அப்படிச் சொல்லாதீங்க. இன்னைக்கு எழுதிட்டீங்கல்ல? இது போதும். பெத்தவங்களைக் கூட்டிட்டுப் போய் அந்த போர்டைக் காட்டறேன். உங்களை மாத்தற பேச்சே இனிமே கிடையாது. சரி, பிள்ளைங்களுக்குப் புரிஞ்சுதா?

— யாரும் பாக்கல மேடம்.

— பாக்கலையா? போர்டு நிறைய எழுதியிருக்கீங்க?

— நீங்க பாக்கறதுக்குள்ள நேராக்கிட்டாங்க, நான் உள்ள போறப்ப பெஞ்செல்லாம் ஜன்னலைப் பாத்துத் திருப்பிப் போட்டிருந்துச்சு. திரும்பி வந்த அந்தப் பொண்ணுதான் முதல்ல பெஞ்சைத் திருப்பினாளாம். "நீங்க நிம்மதியா எழுதுங்க சார், ஜன்னலை நாங்க பாத்துக்கறோம்"னாங்க. எழுதினேன். எழுதி முடிச்சுட்டுத் திரும்பினேன். ஒரு முகம் இல்ல மேடம். எல்லாம் முதுகு.