லீக்ஸ் பாத்திக்கு மேலிருந்த கான்

லீக்ஸ் செடிக்கு வேரில் ஈரம் நின்றால் ஆகாது, ஐயா. மேலே பச்சையாகத்தான் நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் அடி கூழாக இருக்கும். இது விளங்கினால் நான் செய்ததும் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு மேலேயுள்ள சரிவில் எல்லோரும் மரக்கறிப் பாத்தி போட்டிருக்கிறோம். அதற்கும் மேலே மலைத் தண்ணீரை மறித்து ஓடைக்குக் கொண்டுபோகும் கான். மழைக்கு முன் அதை வெட்டித் துப்புரவாக்குவது நான். யாரும் சொல்லிச் செய்வதில்லை. மனு எழுதுவதும் அப்படித்தான். லயத்தில் சிங்களம் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்.

அந்த வருட மழையில் பயிர் அழுகியது. விதை வாங்க அடகு வைத்த நகைகள் கடையிலேயே கிடந்தன. அரசாங்கம் அவசர நிவாரணம் அறிவித்ததும் எல்லோருக்கும் விண்ணப்பம் எழுதினேன். பார்வையிட வந்த உத்தியோகத்தர் மயூரதன், யாழ்ப்பாணத்துக்காரர், குடையை விட்டு வெளியே வரவில்லை.

“பயிர் நிக்குதெல்லோ.”

பிடுங்கி வேரைக் காட்டினேன்.

“அழுகினது படத்தில தெரியாது, தம்பி. மண் சரிஞ்சு மூடியிருந்தா உடன எழுதலாம்.”

யோசித்துப் பாருங்கள், வழி சொன்னது அவர்.

மழை மறுபடி வலுத்த அன்று எல்லோரையும் கோயில் மண்டபத்துக்கு அனுப்பினேன். ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். லயத்தின் கடைசி வீடான காம்பிராவில் தனியாக இருந்த நாகலெட்சுமி அக்கா மட்டும் அசையவில்லை.

“என்னா அழகுமுத்து, கவுருமெண்டுக்கே மனு எழுதுற ஆளு, இந்த மழைக்கும் ஒண்ணு எழுதிப் போடேன்,” என்று சிரித்தார். “மாடு கன்னு போடப்போவுது, விட்டுட்டு எங்கிட்டு வர்றது? நீ போ தம்பி. மேல நீ வெட்டுன கான் இருக்கயில எனக்கு என்னா பயம்?”

நான் மேலே போய்க் கானை அடைத்தேன். கல் அடுக்கி, இடுக்கில் புல்கட்டி வைத்து, தண்ணீர் முழுவதும் பாத்திப் பக்கம் திரும்பும்படி ஒழுங்காகத்தான் அடைத்தேன். மண் பாத்தியோடு நின்றுவிடும் என்று நம்பியதாக எழுதிக்கொள்ளாதீர்கள். சரிவு எங்கே போய் முடியும் என்று கான் வெட்டுகிறவனுக்குத் தெரியும். கடைசிப் புல்கட்டியை மிதித்தபோது கீழே அக்காவின் அடுப்புப் புகை கூரைக்கு மேல் தெரிந்தது. நான் கூப்பிட்டேன், அவர்தான் வரவில்லை.

பாத்திகள் போயின. கடைசிக் காம்பிராவும் மாடும் போயின. அக்காவும் போனார். இந்த முறை மயூரதன் சேற்றில் இறங்கிப் படம் எடுத்தார். ஒருவர் விடாமல் எல்லோருக்கும் பணம் வந்தது. இன்று என்னைக் கண்டால் காறித் துப்புகிற, எங்கள் லயத்து லோஜினியின் கழுத்துத் தாலிக்கொடி அதில் மீட்டதுதான். துப்பட்டும். அதைக் கழற்றிக் கொடுக்கட்டும், பிறகு பேசலாம்.

எல்லோரையும்விடக் கூடுதலான தொகை அக்காவின் மகன் ஜீவராஜுக்குத்தான் கிடைத்தது, உயிரிழப்புக்கான நட்டஈடு. அந்த மனுவையும் நான்தான் எழுதினேன். கூலி வாங்கவில்லை.