இரண்டு வரிப் பதில்

எட்டாம் எண் புயல் எச்சரிக்கை ஏற்றினால் ஹாங்காங்கில் முகம் வாடுகிறவர்கள் குறைவு. அலுவலகத்தைப் பாதியில் மூடிவிடுவார்கள். ரயிலில் கால் வைக்க இடம் இருக்காது, ஆனாலும் எல்லாரும் உற்சாகமாகத்தான் நெரிபடுவார்கள். எனக்கும் அந்த நாட்கள் பிடிக்கும். என் மனைவி இஞ்சி போட்டு மீன் கஞ்சி வைப்பாள். நான் செய்தது அப்படி ஒரு நாளில் தொடங்கியது என்பதால் இதைச் சொல்கிறேன்.

நேற்று விசாரணையில் நீங்கள் கேட்டபோது எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன். எழுத்துதான் எனக்குப் பழக்கம். காவல் பணியில் பதினெட்டு ஆண்டுகள் இருக்கிறேன். கடைசி ஆறு ஆண்டுகளாக, போராட்டக்காரர்களின் இணையப் பதிவுகளைக் கவனிக்கும் பிரிவில் சார்ஜென்ட். என் பெயர் ஃபுங் சீ-வாய் என்பதை நீங்கள் ஏற்கெனவே மேலே எழுதிவிட்டீர்கள்.

வேலை எளிமையானது. நீக்க வேண்டிய பதிவுகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் முதலில் நகல் எடுத்து எங்கள் கோப்புறையில் சேமிக்க வேண்டும். அதன் பிறகுதான் 'நீக்கிவிடுங்கள்' என்று இணையதளக்காரர்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். அவர்கள் நீக்கிய பிறகு உலகத்தில் எங்கள் நகல் மட்டும்தான் மிஞ்சும் என்பதால் இந்த வரிசை. படிவத்தில் 'நகல் சேமிக்கப்பட்டது' என்று ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. இதை வடிவமைத்தவர் ஒரு நாளாவது எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அதனால் பிரிவில் எல்லாரும் எல்லாக் கட்டத்திலும் முதலிலேயே சரிக்குறி போட்டுவிட்டு, பிறகு நிதானமாக நகல் எடுப்போம். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை.

அன்றைக்குப் பட்டியலில் நாற்பத்தொரு காணொளிகள். நாற்பத்தொரு சரிக்குறிகளைப் போட்டேன். ஏழு நகல் எடுத்து முடித்தபோது, இரண்டு மணி நேரத்தில் எட்டாம் எண் ஏறும் என்று அறிவித்தார்கள். தளக்காரர்கள் பதில் போடவே இரண்டு நாள் எடுத்துக்கொள்வார்கள். கடிதத்தை இப்போதே அனுப்பிவிட்டால் புயல் போன பிறகு வந்து மீதியை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அனுப்பினேன், ரயிலைப் பிடித்தேன், கஞ்சி குடித்தேன்.

வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவர்கள் மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்திருந்தார்கள். திரும்பி வந்தபோது நாற்பத்தொன்றும் போயிருந்தன. கோப்புறையில் ஏழு. படிவத்தில் நாற்பத்தொன்று. எனக்கு அவர்கள் மேல் அவ்வளவு எரிச்சல் வந்தது. சோம்பேறியாக இருக்கிறவன் எல்லா நாளும் சோம்பேறியாக இருக்க வேண்டாமா?

ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து மோக் அம்மாள் வரும்வரை.

ஷாம் ஷூய் போவில் ஒரு பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கிறவர். மதிய உணவு இடைவேளையில், நீலக் குடையோடு வருவார். அவருடைய மகன் யாட்-ஃபெய் ஒரு ரொட்டிக் கடையில் வேலை பார்த்தவன். கலவரத்தில் கல் எறிந்தான் என்று நான்கு ஆண்டு தண்டனை. கல் எறிந்தவர்களில் ஒருவன் அவனைப் போல மஞ்சள் ஏப்ரன் கட்டியிருந்தான். யாட்-ஃபெய் அந்த நேரத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடை ஷட்டர் ஓரம் இருந்தான் என்பது அம்மாவின் வாதம். மாடி ஜன்னலிலிருந்து யாரோ அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். கீழே 'அடுத்த ஞாயிறு எல்லாரும் வாருங்கள்' என்று எழுதியிருந்ததால் அது எங்கள் பட்டியலுக்கு வந்தது. போட்டவர் கணக்கை மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார்.

"சார், நான் உங்கள எதுவும் குத்தம் சொல்ல வரல," என்றார் முதல் நாள். "அத நெட்லருந்து எடுக்கச் சொன்னது நீங்கதானா? அத மட்டும் சொல்லுங்க. நீங்கன்னா உங்ககிட்ட ஒரு நகல் இருக்குமாம். இருக்குன்னு தெரிஞ்சாத்தான் அப்பீல்ல கேக்க முடியும்னு வக்கீல் சொல்றாரு."

"எழுதிக் கொடுத்துட்டுப் போங்கம்மா, பதில் வரும்," என்றேன்.

பதில் போனது. இது நான் பிரிவுக்கு வந்த புதிதில் நானே எழுதிய வாசகம், இன்றும் துறையில் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள்: 'தனிப்பட்ட நிகழ்வுகள் குறித்துத் துறை கருத்துத் தெரிவிப்பதில்லை. எல்லா நடவடிக்கைகளும் சட்டத்தின்படியே எடுக்கப்படுகின்றன.' இரண்டே வரிகள். எந்தப் பக்கமிருந்து பிடித்தாலும் கையில் சிக்காது.

அவர் விடவில்லை. மறுபடி எழுதினார். ஒரு பெண் நிருபரை விட்டுக் கேட்க வைத்தார். பதினோரு கடிதங்கள், பதினோரு முறை அதே இரண்டு வரிகள். நான்காவது தடவை நேரில் வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"எங்க வீட்டு கரண்ட் பில்லுல கூட இதவிட அதிகமா எழுதியிருக்கான் சார்."

பிறகு ஒரு பள்ளி நோட்டுத் தாளை நீட்டினார். அதில் ஸ்கேல் வைத்து இரண்டு கட்டம் வரைந்து, ஒன்றின் கீழ் 'ஆம்', இன்னொன்றின் கீழ் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

"நீங்க ஒண்ணும் எழுத வேணாம். ஏதாவது ஒண்ணுல டிக் போடுங்க, போதும். இல்லைன்னாலும் பரவால்ல, வேற எடத்துல போய்த் தேடுவேன்."

"விதி இடம் கொடுக்கலம்மா."

"அவன் கையில முட்டை டார்ட் பலகாரப் பெட்டி இருந்துச்சு சார். கண்ணீர்ப்புகையில ஒரு கிழவருக்குக் கண்ணு எரியுதுன்னு தண்ணி ஊத்திட்டிருந்தான். பெட்டிய அக்குள்ள இடுக்கிக்கிட்டு யாராவது கல்லு எறிவாங்களா? நீங்களே சொல்லுங்க."

நான் அந்தத் தாளை மடித்து அவரிடமே கொடுத்தேன். அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறவர்களிடம் கனிவாகப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை எதிரே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இதற்கிடையில் புது சூப்பரிண்டெண்ட் லுக் வந்தார். நல்ல மனிதர். என்னை அழைத்து, "ஏம்ப்பா, இதுல மறைக்க என்ன இருக்கு? நாம சட்டப்படி கேட்டோம், அவங்க எடுத்தாங்க. நாற்பத்தொண்ணு, எல்லாத்துக்கும் நகல் இருக்குன்னு வருஷ அறிக்கையிலேயே போட்டுட்டா என்ன? நமக்குத்தான் நல்ல பேரு," என்றார்.

எங்கள் துறை எதையும் வெளியே சொல்லாது என்று ஊரெல்லாம் திட்டுகிறார்கள். துறை சொல்லத் தயாராக இருந்தது. அதைத் தடுத்தது நான்தான். "சார், இன்னிக்கு ஒண்ணுக்கு பதில் சொன்னா நாளைக்கு எல்லாத்துக்கும் சொல்லணும். அப்புறம் நம்ம ஆளுங்க வேலை பாக்க முடியாது," என்றேன். அவரும், "நீ சொல்றதும் சரிதான்," என்றார்.

அந்த இளைஞனின் காணொளி சேமிக்கப்படாத முப்பத்துநான்கில் ஒன்று என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அப்படி இருந்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அது பட்டியலில் ஆறாவது. சேமித்திருந்தேன்.

மோக் அம்மாள் கட்டம் வரைந்து கொண்டுவந்த நாளில் அதைத் திறந்து பார்த்தேன். ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. மஞ்சள் ஏப்ரன், அக்குளில் பெட்டி, உட்கார்ந்திருக்கும் கிழவர். மருந்துக் கடை விளக்குப் பலகையில் நேரம் ஓடுகிறது: ஆறு நாற்பத்திரண்டு. கல் எறிந்ததாகத் தீர்ப்பில் சொன்ன நேரமும் அதுதான். பையன் ஒரு முறை நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறான். முகம் தெளிவாகத் தெரிகிறது. அம்மா சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் குறைவு இல்லை.

என் நிலையையும் பாருங்கள். ஆறாவதைக் கொடுக்க வேண்டுமென்றால் கோப்புறையைத் திறக்க வேண்டும். திறந்தால் ஏழுதான் இருப்பது தெரியும். நாற்பத்தொரு சரிக்குறிகளுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளில் என் பணிப் பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. அவனுக்கோ ஏற்கெனவே ஒன்றரை ஆண்டு கழிந்துவிட்டது. நன்னடத்தைக் கழிவு போக மீதி அதிகமில்லை.

ஏழு இருந்தால் அது கவனக்குறைவு. ஒன்றுமே இல்லாவிட்டால் கணினிக் கோளாறு. ஒரு வியாழக்கிழமை, மதிய உணவுக்குப் பிறகு, ஏழையும் அழித்தேன். அழிக்கும் முன் ஆறாவதை மட்டும் இன்னொரு முறை பார்த்தேன். ஏன் என்று தெரியவில்லை. போன மாதம் அவனுடைய அப்பீல் தள்ளுபடியானது. ஆதாரம் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு லுக் தானாகவே கோப்புறையைத் திறந்து பார்த்து, யார் எப்போது அழித்தார்கள் என்று தேடியது உங்களுக்குத் தெரியும்.

அழித்ததை இனி மீட்க முடியாது என்று உங்கள் நிபுணர் சொன்னார். ஆகவே அந்த ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடியில் இருந்தது இனி இந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. முழுவதும் எழுதிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். எதையும் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் வாக்குமூலம் கொடுத்த செய்தி எப்படியும் மோக் அம்மாளின் காதுக்குப் போகும். மதிய இடைவேளையில் குடையோடு வந்து, ஃபுங் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்று உங்களிடம் கேட்பார். உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்று பதிலை நானே அடுத்த தாளில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வரிதான். தேதி மட்டும் போட்டால் போதும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.